மஞ்சள் ஏறாத பற்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஓர் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை பத்து மணிக்கும் அங்கே இருட்டுதான். அதற்குள் உட்கார்ந்து ஊதா விளக்கின் கீழ் நரிப் பற்களைப் பார்ப்பது என் வேலை. அலுவலகத்தில் எனக்குப் பல்லு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. செத்த நரிகளைவிட, உயிரோடு இருக்கிற சக ஊழியர்கள்தான் அதிகாரிகளைக் கண்டால் அதிகம் பல்லைக் காட்டுகிறார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு சின்ன விமானம் மலைகளின் மேல் தாழப் பறந்து நரிகளுக்குத் தீனி போடும். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவில், பழுப்பாக, மீன் வாடையோடு இருக்கும். உள்ளே ரேபிஸ் வராமல் தடுக்கிற மருந்து. காட்டு நரியைப் பிடித்து யார் ஊசி போடுவது? அதுவாகத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடு. தீனியில் இன்னொரு மருந்தும் கலந்திருக்கும். அது நரியின் பல்லில் போய்ப் படியும். பிறகு அந்த நரி வண்டியில் அடிபட்டுச் செத்தால் வனத்துறையினர் தலையைக் கொண்டுவந்து தருவார்கள். நான் கோரைப்பல்லைக் காகிதம் போல அறுத்து விளக்கின் கீழ் வைப்பேன். தீனி தின்ற நரியின் பல்லில் மஞ்சளாக ஒரு கோடு ஒளிரும்.

அந்தக் கோட்டைப் பார்க்கும்போது நான் கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுவேன். சுவர் விலகும், மேஜை விலகும், ஈரப் புல்லில் ஒரு நரி மூக்கைத் தாழ்த்தி நடந்து வரும். நானும் அதன் பின்னாலேயே போவேன். யாராவது கதவைத் தட்டினால்தான் திரும்பி வருவேன். இதை வெளியே சொன்னால் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்பதால் சொன்னதில்லை.

அந்தத் தீனியை வானத்திலிருந்து போடுகிறவர் என் கணவர். தெருவில் எல்லாரும் அவரைப் பைலட் என்பார்கள். அவர் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பெட்டிகளைப் பிரித்து எந்திரத்தில் கொட்டி, ஒரு சுவிட்சைப் பார்த்துக்கொள்வார். காட்டின் மேல் சுவிட்சைப் போட வேண்டும். வீடு, சாலை, குளம் வந்தால் அணைக்க வேண்டும். இவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் பறக்கிற மாதம் வந்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. தரையில் இருக்கிற பத்து மாதமும் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிற இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேயே நுழைந்து, பள்ளத்தாக்கு நெடுகப் பறந்து, மறுமுனைக் குன்றைத் தாண்டிப் போகும். ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஒரே ஓட்டம் போதும். முதல் தடவை பறக்கப் போகும்போது அவர் கேட்டார்.

"மாடியில ஏதாவது சிவப்பா விரிச்சு வையேன். மேல இருந்து நம்ம வீடு எதுன்னே தெரியாது."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க, இறங்கி வந்து காபி குடிக்கப் போறீங்களா?" என்று கேட்டேனே தவிர, சிவப்புப் போர்வையை விரித்து அதன் நடுவில் போய் நின்றேன். விமானம் வந்தது. சின்ன ஜன்னல் கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வந்தது. பறப்பு மூன்று தடவை நடந்தது, மூன்று தடவையும் போர்வை விரித்தேன்.

மூன்றாவது பறப்பு முடிந்த சில வாரங்களில் பக்கத்து வீட்டு அக்காவின் கன்றுக்குட்டி எச்சில் வடித்துக்கொண்டு நின்றது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அதன் வாய்க்குள் கை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கன்று செத்தது. சோதித்தால் ரேபிஸ். எப்போதோ ஒரு நரி தொழுவத்துக்குள் வந்து கடித்துவிட்டுப் போயிருக்கிறது. குழந்தைகளுக்கு அன்றே ஊசி தொடங்கிவிட்டார்கள். பயப்பட வேண்டாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இருந்தாலும் அக்கா இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பதை, பஸ் வரும்வரை ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

எங்கள் பெரிய டாக்டர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பள்ளத்தாக்கு நரிங்க எத்தனை இருக்கும்மா நம்மகிட்ட?"

"ஒன்பது சார்."

"எல்லாத்தையும் பாருங்க. தீனி போட்ட இடத்துல நோய் எப்படி வந்துச்சு?"

ஒன்பது பற்களை அறுத்தேன். முதல் பல்லில் கோடு இல்லை, கருத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது பல்லுக்கு வரும்போது விளக்குதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, குன்றுக்கு அந்தப்பக்கத்து நரியின் பல்லை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் பளிச்சென்று வந்தது. விளக்கில் குறை இல்லை. ஒன்பதும் இருட்டு.

வரைபடத்தை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு நரியும் கிடைத்த இடத்தில் அதன் பல்லின் நிறத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கருப்புப் புள்ளிகள் குன்றின் அடியிலிருந்து வரிசையாக இறங்கி வந்தன. எங்கள் வீட்டுக்கு இந்தப்பக்கம் மறுபடி மஞ்சள். இருட்டு சரியாக எங்கள் மொட்டைமாடியில் தொடங்கியது.

அன்றைக்கும் சுவர் விலகியது. ஆனால் நரி வரவில்லை. நான் மேலே இருந்தேன். கீழே சிவப்பாக ஒரு புள்ளி, அதன் நடுவில் நான். வீடு வருகிறது என்று ஒரு கை சுவிட்சை அணைத்தது. அதே கை கண்ணாடிக்குப் போய் ஆடியது. நான் சின்னதாகிச் சின்னதாகி மறைகிறவரை அது ஆடிக்கொண்டே இருந்தது. கீழே பள்ளத்தாக்கு ஓசையில்லாமல் ஓடிப்போனது. குன்று வந்த பிறகுதான் கைக்குச் சுவிட்ச் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு பெட்டி மீதி வந்ததை, காற்று நன்றாக இருந்ததால் குறைவே போதுமாயிற்று என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இறக்கினாரே, அந்தப் பெட்டிகள் எங்கள் பள்ளத்தாக்குடையவை.

வீட்டுக்குப் போய் வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் விரலால் விமானம் போகிற வழியைத் தடவிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் விரல் நின்றது.

"நான் திரும்பப் போடலையா?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்."

விரலை வீட்டிலிருந்து குன்றுவரை இழுத்தார். "கை ஆட்டிட்டு, போர்வைக்கு நடுவுல நீ நின்னதையே நினைச்சுட்டு இருப்பேன். அப்புறம் குன்று வந்துடும்."

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் போர்வை விரித்துக் கூப்பிட்டது நான் இல்லையா?

தப்பிக்க வழி இல்லாமலில்லை. விமானம் போன பாதைதான் பதிவாகும், சுவிட்ச் பதிவாகாது. 'நரிகள் தீனியைத் தின்னவில்லை' என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். ஆனால் அப்படி எழுதினால் வாடையை மாற்றிப் பார்க்கலாம் என்று அடுத்த வருஷம்வரை இழுப்பார்கள். 'தீனி விழவே இல்லை' என்று எழுதினால் இந்த வாரமே கொண்டுபோய்ப் போடுவார்கள். நடுவில் இருக்கிற மாதங்களில் இன்னொரு நரி எந்தத் தொழுவத்துக்கும் வரலாம். உண்மையை எழுதினால் அவர் இனி பறக்க முடியாது.

"பூசி மெழுகிடலாம்," என்றேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. "நான் எழுதறதுதான் கணக்கு."

அவர் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். சின்னவள் சட்டைக் கையை மடித்து, ஊசி போட்ட இடத்தை வேலிக்கு அந்தப்பக்கம் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதிடு," என்றார். "இல்லன்னா நானே போய்ச் சொல்லிடுவேன். எனக்குத்தான் ஒழுங்காச் சொல்ல வராது."

எழுதினேன். போர்வையையும் சேர்த்து எழுதினேன். பெரிய டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட்டை இதுவரைக்கும் நான் பார்த்ததில்லம்மா," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

நாலு நாளில் தீனிப் பெட்டிகள் வந்தன. ஆட்கள் வரிசையாகப் பிரிந்து நடந்து போட்டார்கள். என் கணவரும் தோளில் பை மாட்டிக்கொண்டு போனார், உடம்பெல்லாம் மீன் நாறத் திரும்பி வந்தார். அன்று மாலை இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவள் "இனிமே போடுவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். போடுவார்கள் என்றோம். கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போது பேசுகிறாள், முன்னைப் போல இல்லை.

அடுத்த பறப்பு வந்தது. சுவிட்சுக்குப் புது ஆள். கால் கூசுகிற மாதிரி காலைக் குளிர், பள்ளத்தாக்கு முழுக்கப் பனி வெள்ளையாக நிறைந்து கிடந்தது. நாங்கள் மாடியில் வெறுங்கையோடு நின்றோம். சத்தம்தான் முதலில் வந்தது, பிறகு பனிக்குள்ளிருந்து விமானம் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன்.

"ஆஃப்," என்றார் உதட்டுக்குள். விமானம் எங்கள் தலைக்கு மேல் போனது. அக்கா வீட்டைத் தாண்டியது, தொழுவத்தைத் தாண்டியது. இவர் மாடிச் சுவரை இறுகப் பிடித்திருந்தார். "ஆன்," என்றார்.

தொழுவத்துக்கு அப்பால், மரங்களின் மேல், பழுப்பாகச் சின்னதாக ஒன்று விழுந்தது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. பிறகு பனிக்குள் எதுவும் தெரியவில்லை, விமானச் சத்தம் மட்டும் குன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஆளு நம்மளத் திரும்பிக்கூடப் பார்க்கல," என்றேன்.

"ஆமா," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா வேலை செய்யறான்."