நாலு தட்டு மௌனம்

ஒரு பாட்டு தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு நாற்பது விநாடி போதும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? இருநூறு பேர் உட்காரும் எங்கள் அரங்கத்தில் சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு மூன்று புதிய இசைக்குழுக்கள் மேடை ஏறும். யாருக்கும் பெயர் தெரியாத குழுக்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. வாரத்துக்கு நூறு வீடியோவாவது வந்து குவியும். எல்லாவற்றையும் ரயிலில் வரும்போதும் போகும்போதும் இயர்போனில் கேட்டு முடிப்பேன். வியாழக்கிழமை காலை அரங்கத்தின் இணையப் பக்கத்தில் என் பட்டியல் வெளியாகும். அந்த வாரம் கேட்டதில் ஐந்து குழு, அவர்கள் வீடியோவோடு ஆளுக்கு நாலு வரி. அந்த நாலு வரியில் நான் யாரையும் நேராகத் திட்ட மாட்டேன், சுற்றி வளைத்துத்தான் குத்துவேன். அதைப் படிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அரங்கத்தில் எனக்கு வைத்த பெயர் காதக்கா. என்னைவிட நாலு வயது பெரியவரான மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, இடது காது செத்துப்போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான். டாக்டர் ஏதேதோ மாட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு போயிடுச்சு. திரும்ப வராதுன்னே நினைச்சுக்குங்க. வலது காது பிரமாதமா இருக்கு," என்றார். ஒரு கண்ணாடி உடைந்தால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்பது போலச் சொன்னார். பிறகு, போனில் ஒரு பட்டன் இருக்கிறது, அதைத் தட்டினால் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கி வலது காதுக்கே கொடுத்துவிடும் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பட்டனைத் தேடினேன். 'செவித்திறன் குறைந்தவர்களுக்கு' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. போனை மூடிப் பைக்குள் போட்டேன். காதக்காவாவது, செவித்திறன் குறைவதாவது!

யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட்டம் நடக்கும்போது மேசையின் இடது கோடியில் போய் உட்கார்ந்துகொள்வேன், எல்லோரும் எனக்கு வலப்பக்கம் வந்துவிடுவார்கள். யாராவது இடப்பக்கமாக நடந்து வந்தால், வெயில் அடிக்கிறது என்று சொல்லி இடம் மாறிக்கொள்வேன். பாட்டு விஷயத்தில் பெரிய சிக்கல் வராது என்று நம்பினேன். பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் இரண்டு காதுக்கும் சமமாகத்தான் வைப்பார்கள். எங்கோ ஒரு கிட்டார், ஒரு கைமணி இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். அது போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படித்தான் 'ஈரத்துணி' என்னிடம் வந்து சேர்ந்தது.

கடிதத்தில் குழுவின் பெயரும் கிட்டார் வாசிப்பவரின் தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தன. வீடியோவில் மனித முகமே இல்லை. சலவை இயந்திரத்தின் வட்டக் கதவு, உள்ளே சுழலும் துணிகள், மூன்றரை நிமிடம் அதுவேதான். வழக்கம்போல முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கீபோர்டு மெல்ல நடந்தது, அதன் பின்னால் கிட்டார் வந்தது. யாரும் பாடவில்லை. இரண்டாவது நிமிடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தாளத்தில் நாலு தட்டுக்குச் சுத்தமான மௌனம். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. என்ன தைரியம் இந்தப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன்.

அன்றே பதில் போட்டேன்: 'அடுத்த மாதம் உங்களுக்கு மேடை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. இந்த இசைக்குக் குரல் வேண்டவே வேண்டாம். குரல் இல்லாமல் வாருங்கள்.' மேடை என்றதும் புதிதாக ஒரு பாடகியைச் சேர்த்துக் கெடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வியாழக்கிழமைப் பட்டியலில் இன்னும் தாராளமாக எழுதினேன்: 'நல்லவேளை, இதில் யாரும் பாடவில்லை. அந்த நாலு தட்டு மௌனத்துக்கு முன்னால் எந்தப் பாடகியும் வாயை மூடிக்கொள்வது மரியாதை.'

அதற்குக் கீழே சிரிப்புக் குறிகள் வந்து குவிந்தன. 'காதக்கா கலாய்ச்சுட்டாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் கலாய்க்க என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பாடகிகளைப் பற்றிப் பொதுவாக எழுதியதற்குச் சிரிக்கிறார்கள் போலும் என்று எண்ணி விட்டுவிட்டேன். அங்கேயாவது நின்று நிதானித்திருக்கலாம். சிரிப்பு என் பக்கம் இருந்தால் நான் எப்போது நின்றிருக்கிறேன்?

நிகழ்ச்சியன்று மூன்று மணிக்கு ஒலிச் சோதனை. நான் அரங்கத்துக்குள் நுழைந்தபோது மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் என் தங்கை மகள் நின்றிருந்தாள்.

படிப்பதற்காக வெளியூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் அவள் என் கையில் வளர்ந்தவள். தங்கைக்கு மருத்துவமனையில் மாறி மாறி வேலை, அதனால் பள்ளி விட்டதும் பேருந்தில் கூட்டிவருவது நான்தான். கடைசி சீட்டில் உட்காருவோம். இருவருக்கும் ஒரே இயர்போன், இடது எனக்கு, வலது அவளுக்கு. என்ன பாட்டு என்று பார்க்காமலே புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, என் காதில் செருகியதும், "கேக்குதா?" என்பாள். பாட்டு முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலைக் காட்ட வேண்டும், மேலேயா கீழேயா என்று. பத்து வயதிலேயே என் தீர்ப்பும் அவள் தீர்ப்பும் வேறுபட்டதில்லை.

"நீயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றேன்.

"சொன்னா பெரியம்மாவா கேப்பீங்க. காதக்காவா கேக்கணும்னு நெனச்சேன்." சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "கேட்டீங்க இல்ல."

சவுண்டுக்காரர் என் வலப்பக்கம் வந்து நின்றார். பதினைந்து வருடப் பழக்கம், வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர். "இவங்க உங்க வீட்டுப் பொண்ணா? அடக் கடவுளே! பட்டியல்ல அந்தப் பாட்டுக்காரியை அப்படி வறுத்தெடுத்தீங்களே, அது இவங்கதான். பாவம், இப்ப மைக்கே வேணாம்னுட்டாங்க."

"எந்தப் பாட்டுக்காரி?"

அவர் சிரித்தார். நான் இன்னும் கலாய்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இடது பக்கம் மட்டும் வச்சிருந்தாங்களே, அந்தக் குரல்."

இடது பக்கம்!

கிட்டார்காரர் பதமாகத்தான் பேசினார். "நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டோம்க்கா. குரலைத் தூக்கினதும் நல்லாத்தான் இருக்கு." அவருக்கு மேடை கிடைத்த சந்தோஷம். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

அவளைப் பார்த்தேன். அவள் கீபோர்டின் ஒயரைச் சுற்றி வைத்துக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்ல பெரியம்மா. குரல் சரியில்லன்னா சரியில்லதான். ஒரு மாசமா குளிக்கும்போதுகூடப் பாடறதில்ல. பழகிடுச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். மேனேஜர் நாலடி தள்ளி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சவுண்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார். இந்த இரண்டு பேருக்கும் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. "இல்லம்மா, நீ பாடேன். பாட்டோடயே வாசிங்க," என்று மட்டும் சொன்னேன்.

"நான்னு தெரிஞ்சதும் மாத்திச் சொல்றீங்க பாத்தீங்களா? இதுக்குத்தான் பேர் போடாம அனுப்பினேன்," என்றாள்.

என்ன புகழ்ந்தாலும் இனி அது பெரியம்மாவின் பாசம். திட்டியது மட்டும்தான் காதக்காவின் தீர்ப்பு.

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. குழுக்களை அறிமுகம் செய்துவைப்பதும் நான்தான். 'ஈரத்துணி' என்று சொல்லிவிட்டு இறங்கி, முதல் வரிசையின் இடது கோடியில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கீபோர்டு மெல்ல நடந்தது, கிட்டார் வந்தது, ரயிலில் கேட்ட அதே இசை. அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் அவை தாமாகத் திறந்தன, உடனே பல்லால் கடித்து மூடிக்கொண்டாள். இரண்டாவது நிமிடம் எல்லாம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என்னவொரு மௌனம் என்று நான் சிலிர்த்த இடம் அது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அது மௌனமில்லை, அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய இடம். அதற்குத்தான் அரங்கம் கைதட்டியது. பின்னாலிருந்து ஒருவர், "காதக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் உட்காரும் அறை சின்னது. இரண்டு குழாய் விளக்கு, ஒரு நீளக் கண்ணாடி, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. நான் போனபோது அவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் குழுவைப் பாராட்டிக்கொண்டிருந்தார், சவுண்டுக்காரர் வாசலில் நின்றார். இருவரும் போகட்டும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"எனக்கு இடது காது கேக்காது," என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "எட்டு மாசமா. சுத்தமா கேக்காது. உன் குரல் நல்லா இல்லைன்னு நான் சொல்லல. நான் கேக்கவே இல்ல. அதுல யாரோ பாடறாங்கன்னே எனக்குத் தெரியாது."

அவள் கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி நின்றாள்.

"மத்தியானமே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கு ஒரு மாசமா இதுதான், பெரியம்மா." குரல் உடைந்தது. "எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாகிட்டகூடச் சொல்லல. நீங்க எப்பவும் இடதுதானே மாட்டுவீங்க. உங்களுக்குன்னுதான் குரலை அந்தப் பக்கம் வச்சேன். மத்தவங்களுக்கு எப்படியோ, உங்களுக்கு மொத வார்த்தையிலேயே தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

மன்னித்துவிடு என்றேன். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று சொல்லும்போதே தெரிந்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இது வெளியே போகணும்னு அவசியம் இல்ல. நமக்குள்ளயே..."

"வியாழக்கிழமை பட்டியல்ல எழுதப்போறேன்," என்றேன். "அன்னைக்கு நான் என்ன கேட்டேன், என்ன கேக்கலைன்னு அப்படியே எழுதப்போறேன்."

"அதுக்கப்புறம் உங்க பட்டியலை யாரு நம்புவாங்க?"

"தெரியல."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். என்ன முடிவோடு போனார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அவள் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க. அதுல ஒரு செட்டிங் இருக்குமே." அது எந்தத் தலைப்புக்குக் கீழே இருக்கிறது என்று சொன்னேன். எட்டு மாதம் நான் திறக்காத தலைப்பைத் திறந்து, பட்டனை ஒரு தட்டு தட்டினாள். அரை விநாடிகூட ஆகவில்லை. என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

இயர்போனை எடுத்து என் வலது காதில் அவளே செருகினாள், அந்தச் சலவை இயந்திர வீடியோவை ஓடவிட்டாள்.

'கடைசி சீட்டு காலியா இருக்கு, நகந்து உக்காரு' என்று ஒரு குரல் ஆரம்பித்தது. முதல் 'க'விலேயே தெரிந்துவிட்டது. ஐந்து வயதிலிருந்தே அந்த எழுத்தைத் தொண்டைக்கு அடியிலிருந்து எடுப்பாள். உலகத்தில் யாரும் அப்படி எடுக்க மாட்டார்கள். கீபோர்டு நடந்தது, கிட்டார் வந்தது. இரண்டாவது நிமிடம் எல்லாம் நின்றது. அந்த நாலு தட்டில் அவள் குரல் மட்டும், பாடாமல், சும்மா பேசுகிற மாதிரி:

'கேக்குதா?'

அங்கேயே அழுதேன், சவுண்டுக்காரர் பார்க்கப் பார்க்க.

பாட்டு முடிந்ததும் அவள் என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்காகக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. உயர்த்தினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. ஆனால் இன்னொரு பொய்யை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நடுவுல நிக்கற இடம் அருமை," என்றேன். "ஆனா ரெண்டாவது சரணத்துல மூச்சு பத்தல. ஒரு வரியோட கடைசி வார்த்தையை முழுங்கற."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அங்கதான் சந்தேகம். இவங்ககிட்ட கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னாங்க."

ஒரு நாற்காலியைத் தூக்கி எனக்கு இடப்பக்கம் போடப்போனாள். பாதியில் நின்றாள். என்னைச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த வரின்னு சரியாச் சொல்லுங்க," என்று மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.