காற்று நின்ற நான்கு மணி நேரம்

தம்பியின் சாவுக்கு வந்தபோதுகூட வாசலோடு நின்று திரும்பிப் போன நாத்தனார், ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் மூடி போட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். தையல்காரி மெஷினை விட்டு எழுந்தாள்.

“வாங்க அண்ணி.”

“வரேன், முதல்ல இதைப் பிடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன், தான் குடியிருக்க லிஃப்ட் இல்லாத வீடாப் பார்த்திருக்கான் பாரு.”

இருவருமே சிரிக்கப் போனார்கள். சிரிப்பு வரவில்லை.

தையல்காரியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றதும் பின்பக்கப் பால்கனியில் மண்ணில்லாத் தோட்டம் போட்டார். சுவரை ஒட்டிக் குழாய்கள், குழாயில் ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு லெட்டூஸ் கீரைச் செடி. வேர்கள் குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் தொங்கும். வெறும் உர உப்புக் கரைசலை நம்பினால் வேருக்குத் தெம்பு வராது என்று வாரம் ஒருமுறை உரத் தேநீர் காய்ச்சுவார். காய்ச்சுவதெல்லாம் பேச்சுக்குத்தான், அடுப்பே கிடையாது. அக்கா வீட்டு மண்புழு உரத்தைத் துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி வெல்லப்பாகு விட்டு, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுவார். மீன்தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டார் அடியிலிருந்து குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் நல்ல கிருமி செத்துக் கெட்ட கிருமி தலையெடுக்கும். அப்புறம் அது தேநீர் இல்லை, சாக்கடை.

எது எதுவென்று மூக்குதான் சொல்ல வேண்டும். அவருக்கோ ஒரு காய்ச்சலோடு வாசனையே போய்விட்டது. “என் மூக்கு கண்ணாடி மாட்டத்தான். மோந்து பாக்கறதுக்கு நீ” என்பார். அவளுக்கு ‘மூக்கி’ என்றே பெயர் வைத்துவிட்டார். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பால்கனியிலிருந்து குரல் வரும்: “மூக்கி, தீர்ப்பு!”

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள். பள்ளிச் சீருடை முப்பத்திரண்டு, மறுநாள் கொடுத்தாக வேண்டும். பால்கனிப் பக்கம் இருந்தது ஒரே ப்ளக். அவர் வெளியே போயிருந்தார். கொஞ்ச நேரம்தானே என்று மோட்டாரைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். வெயில் கொளுத்திய நாள். கொஞ்ச நேரம், நான்கு மணி நேரமானது. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக மாற்றிச் செருகினாள். குமிழி ஒன்றும் நடக்காததுபோல் வந்தது.

“மூக்கி, தீர்ப்பு!”

குனிந்தாள். மழை விழுந்த மண்ணின் வாசனை வர வேண்டிய இடத்தில், ஊறப்போட்டு மறந்த துணியின் நெடி. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘அறிவிருக்கா உனக்கு’ என்று ஒரு சத்தம். வாளி சாக்கடைக்குப் போயிருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு சத்தத்துக்குப் பயந்து, “நல்லா இருக்கு” என்றாள்.

நான்காம் நாள் வேரெல்லாம் அழுகிக் கொழகொழத்தது. எண்பது செடியும் போயிற்று. “மூக்கி நல்லாத்தானே சொன்னா” என்றாரே தவிர, அவளைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் உரத்தின் மேல் போனது. அக்காவுக்குப் போன் போட்டு, “குப்பையைக் குடுத்து என் செடியைக் கொன்னுட்டியே” என்று கத்தினார். அக்காவும் திருப்பிக் கத்தினார். கூடப் பிறந்தவர்களின் பேச்சு அன்றோடு நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் அதற்குப் பிறகு செடி வைக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் தள்ளிப்போட்டதே இரண்டு வருடம் ஆனது. அப்புறம் சொல்வதற்கு ஆள் இல்லை.

நாத்தனார் வாளியின் மூடியைத் திறந்தார்.

“அவன் சொன்னது மனசுலேயே தங்கிடுச்சும்மா. புழுத்தொட்டியைக் கவுத்துடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி அவன் செய்யற மாதிரியே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். என் மூக்கை நான் நம்பல. நீ சொல்லு.”

குனிந்தாள். மழை மண். நல்லா இருக்கு என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை. ஆனால் இது நல்லதென்றால், அன்று கொடுத்தது மட்டும் கெட்டது என்றல்லவா இந்த மனுஷி காலம் முழுக்க நொந்துகொள்வார்.

“நல்லா இருக்கு அண்ணி.” வாளியிலிருந்து நிமிர்ந்தாள். “அன்னைக்கும் உங்க உரம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்படின்னா?”

“மோட்டாரை நான்தான் பிடுங்கினேன். இஸ்திரி போட. நாலு மணி நேரம். நாத்தம் வந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.”

நாத்தனார் பட்டன் டப்பா இருந்த ஸ்டூலில், டப்பாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவர் கண் ப்ளக்கைத் தேடிப் போயிற்று. அதில் இப்போதும் இஸ்திரிப் பெட்டிதான் செருகியிருந்தது.

“அவன்கிட்ட?”

“சொல்லல.”

“ஒரு தடவைகூடவா?”

தையல்காரி தரையில் சிதறிய பட்டன்களைப் பார்த்தாள்.

“அவன் கோபம் அரை மணி நேரம் தாங்காதேடி. அதுக்காகவா...” நாத்தனார் முடிக்கவில்லை. எழுந்தார். கதவருகில், திரும்பாமலே, “வாளியை அப்புறமா வந்து எடுத்துக்கறேன்” என்றார். மெதுவாக ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கடைசிவரை கேட்டது.

வெயில் பால்கனிக்குள் ஏற ஆரம்பித்திருந்தது. தையல்காரி இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினாள். பரணிலிருந்து மோட்டாரை எடுத்துத் தூசி தட்டி, அதன் காற்றுக்குழாயை வாளிக்குள் விட்டுச் செருகினாள். குமிழி வந்தது. ஊற்றுவதற்கு ஒரு செடிகூடக் கிடையாது. சட்டைகள் மேஜையில் கசங்கிக் கிடக்க, வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.