இருபது தட்டுப் புழு

போர்வெல் வற்றியது செவ்வாய்க்கிழமை. பட்டுப்புழுவுக்கு அதெல்லாம் தெரியுமா? நாலாவது தோலையும் உரித்துவிட்டு, இருபது தட்டிலும் தலையைத் தூக்கி இலை கேட்டது. கூடு கட்ட இன்னும் ஆறு நாள் இருந்தது. இடையில் இலை தீர்ந்தால் ஒரு புழுகூட நூல் விடாது, அத்தனையும் சாகும்.

மணிமேகலை மல்பெரித் தோட்டத்தை இரண்டு தடவை சுற்றி வந்தாள். தேறியது எழுநூற்று இருபது கிலோ. கம்பைநல்லூர் வரைக்கும் போன் போட்டாயிற்று, யாரிடமும் இலை இல்லை.

"கொஞ்சம் புழுவக் குழியில கொட்டுனாத்தாங்க மிச்சம் பொழைக்கும்." என்றாள்.

புருஷன் மாது தலையில் கை வைத்துக்கொண்டான். "எத்தன தட்டு? கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனவதான நீ, சீக்கிரம் சொல்லு. தின்னுக்கிட்டே இருக்குது பாரு!"

அந்த நூற்றுக்கு நூறை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவன் அவன். காலண்டர் தாளைக் கிழித்தாள். கொட்ட வேண்டிய தட்டு x. ஒரு தட்டுக்கு நாளைக்குப் பத்துக் கிலோ, ஆறு நாளைக்கு அறுபது.

60(20 − x) = 720

இரண்டு பக்கமும் அறுபதால் வகுத்தாள்.

20 − x = 12

"பன்னண்டுங்க!" என்று கத்தினாள். அவன் ஓடினான். தட்டுகள் கவிழும் சத்தம் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் கண் தாளில் விழுந்தது.

அடிப்பாவி! x இன்னும் தனியாக வரவில்லையே. ஒரு படி பாக்கி இருக்கிறதே.

x = 20 − 12
x = 8

பன்னிரண்டு, வைத்துக்கொள்ள வேண்டிய தட்டு. கொட்ட வேண்டியது எட்டுதான்.

"ஏங்க, நிறுத்துங்க!"

குழியோரம் மாது காலிச் சுண்ணாம்புச் சாக்கோடு நின்றான். "ஆச்சு, பன்னண்டும் போச்சு." வெள்ளைப் பொடிக்கு அடியில் புழுக்கள் நெளிந்தன. அவள் குழிக்குள் கையை விட்டு அள்ளினாள். அவன் இழுத்துப் பிடித்தான். "விடு மேகல. மனசக் கல்லாக்கிக்க."

கணக்குப் போட்ட தாளை அவன் கண்ணில் படாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏழாம் நாள் எட்டுத் தட்டுப் புழுவும் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. தோட்டத்திலிருந்து மாது சந்தோஷமாகவே வந்தான்.

"மேகல, இலை இன்னும் நிக்குதே! எவ்ளோ இருக்கும்?"

"எரநூத்தி நாப்பது கிலோ," என்றாள், எட்டிப் பார்க்காமலே.

"அப்ப மாட்டுக்கு அறுத்துப் போட்டுடவா?"