சங்குச் சதையும் இருபத்து நாலு எலிகளும்

அண்ணன் வில்பிரடுக்கு நாளைக் காலை ஆபரேஷன். பெருங்குடலை எடுத்துவிடப் போகிறார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தார்கள், ரத்தம் போவது நிற்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம், "நீ மருந்து கண்டுபிடிச்சும் இப்படி ஆயிட்டுதே" என்கிறார்கள். அது மருந்தே இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்கிறது.

அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். ஆறு வருஷமாகப் பெருங்குடல் அழற்சி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் கடலுக்குப் போவான். விட்டால் கக்கூஸே கதி. நான் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சங்கின் சதையை நொதி கொண்டு உடைத்து, பெப்டைடு என்னும் புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்து, குடலைப் புண்ணாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். இருபத்து நாலு எலி. பெப்டைடு கொடுத்தவற்றுக்கு வீக்கம் குறைந்தது. நான் கண்டது அவ்வளவுதான். மனுஷருக்கு ஒரு துளிகூடக் கொடுத்ததில்லை.

போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து பேசிவிட்டுப் போனார். 'குடல் புண்ணுக்குச் சங்குச் சதை மருந்து: தூத்துக்குடிப் பெண் கண்டுபிடிப்பு' என்று என் படத்தோடு வந்தது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மறுப்புப் போடச் சொல்லலாமென்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அண்ணன் அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். நாலு வருஷம் எலிக்கூண்டு கழுவியவளை முதல்முறையாக ஒருத்தன் கொண்டாடுகிறான். போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்லவே கூசுகிறது.

எங்கள் தெருவில் சங்கின் ஓடு வியாபாரிக்குப் போகும், உள்ளிருக்கும் சதை சங்கு குளித்தவன் வீட்டுக்கு வரும். அதுதான் வழக்கம். அதனால் மருந்துக்குப் பஞ்சமில்லை. அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, நாலு மாசம் இரண்டு வேளையும் சங்குச் சதையாகத் தின்றிருக்கிறான். மதினி பிளாரன்ஸுக்கு மட்டும் தெரியும். "நீ கண்டுபிடிச்சதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். அவளை எந்த வாயால் திட்டுவது?

இன்று சாயங்காலம் வார்டில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். பாதியாக இளைத்துவிட்டான்.

"ஏளா, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? உன் மருந்துல ஒரு குத்தமும் இல்ல. என் உடம்புக்குத்தான் ஒத்துக்கல" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணே, அது மருந்தே இல்ல. எலிக்குத்தான் குடுத்துப் பாத்தேன். அதுவும் சதையை இல்ல, அதுலேருந்து பிரிச்ச பொடியை. நீ சதையைத் தின்னா, வயிறு அதை மீன் மாதிரிதான் செரிக்கும்."

"பேப்பர்ல போட்டிருந்தானே."

"தப்பாப் போட்டான். எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொல்லல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நான் அழுதேன். அவன் திரும்பாமலே கேட்டான்.

"அப்ப மத்தவங்களுக்கு?"

"யாருக்கு?"

"எங்கிட்ட சங்கு வாங்குத மாடக்கண்ணு அண்ணாச்சிக்கும் இதே வியாதிதான். நம்ம தெருவுல இன்னும் ரெண்டு பேரு. கீழவைப்பார்ல ஒரு அக்கா. எல்லாரையும் மாத்திரையை விடச் சொன்னது நான்தான். சதையும் நான்தான் குடுத்து விடுதேன்."

அவன் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து நீட்டினான்.

"நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீதானே படிச்சவ."

ஸ்பீக்கரில் போட்டு, மாடக்கண்ணு அண்ணாச்சியை முதலில் கூப்பிட்டேன். நான் யாரென்று சொன்னதுமே அவர் குரல் மலர்ந்துவிட்டது.

"நீ நல்லா இருக்கணும் தாயி. மாத்திரையைத் தூக்கிப் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு தொந்தரவும் இல்ல."

"அண்ணாச்சி, அது மருந்து இல்ல. எலிக்கு மட்டும்தான் பாத்திருக்கேன். இன்னைக்கே டாக்டரைப் பாத்து மாத்திரையைத் திரும்ப ஆரம்பிங்க."

அவர் சிரித்தார். "இவ்வளவு படிச்சும் என்னா அடக்கம்" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே, "போனை வச்சிராதே. திரும்பச் சொல்லு" என்றான்.