கார்மேகத்தின் இன்ஜினும் காணாமல் போன கரண்டியும்

கார்மேகம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெருக்காரர்கள் வைத்தது. அவருடைய பழைய லாரி தெருமுனையில் திரும்பினால் கொடியில் காயும் துணிகளை எடுக்க எல்லா வீட்டிலிருந்தும் ஆள் ஓடிவரும். வண்டி கடந்துபோய்ச் சற்று நேரம் வரை எதிர்வீட்டுச் சுவர் கரும்புகையில் கண்ணுக்குத் தெரியாது. செங்கல் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்டு முந்திப் போவார்கள்.

அவருக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை. "இருபத்திரண்டு வருஷமா இந்த இன்ஜின்ல ஒருத்தன் கை பட்டதில்ல" என்பதுதான் போகிற இடமெல்லாம் அவர் பேச்சு. ஆயில் குறைந்தால் மேலே ஊற்றுவார், பழசை இறக்க மாட்டார். கேட்டால், "கிணத்துத் தண்ணிய வருஷா வருஷம் மாத்துறோமா என்ன?" என்பார். ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு ஓயாமல் எரிந்தது. கண்ணைக் கூசுகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவியின் கூடப்பிறந்த தங்கையே லாரி மெக்கானிக். ஊர் வண்டியெல்லாம் அவள் ஷெட்டுக்கு வரும், அக்காள் புருஷன் வண்டி மட்டும் வராது. அவளும் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள்.

விடாதவள் மனைவி. லோடு இறக்கும் இடங்களுக்கெல்லாம் அவளும் கேபினில் உட்கார்ந்து போவாள். போன மாதம் ஒரு மேட்டின் நட்டநடுவில் லாரி நின்றுவிட்டது. "ஒண்ணுமில்ல, யோசிக்குது" என்றார் அவர். அது யோசித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை அவள்தான் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

வாய்ப்பு அவருடைய கண் வழியாக வந்தது. ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் வண்டி ஓட்டக்கூடாது, தூசியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட கண்ணும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் உள்ளறையில் படுத்தார். மறுநாள் காலையில் மனைவி வந்து, "தெருவுல குழாய் போடத் தோண்டுறாங்க. வண்டிய எடுக்கச் சொல்றாங்க" என்றாள்.

"யாரு தோண்டுறா? சத்தமே இல்லையே."

வாசலில் தயாராக நின்றிருந்த தங்கை கடப்பாரையால் தரையை நாலு இடி இடித்தாள். பிறகு குரலை மாற்றி, "சீக்கிரம் எடுங்கம்மா" என்று வேறு சொன்னாள்.

அவர் சாவியை உடனே கொடுத்துவிடவில்லை. மச்சினியைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்தார். "உன் ஷெட்டுல நிழல்ல நிறுத்து, அவ்வளவுதான். தினமும் காலைல ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் பண்ணி எனக்குப் போன்ல கேக்க வை. சத்தத்துல ஒரு துளி மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

"சரி மாமா" என்றாள் அவள், பால் மணம் மாறாத முகத்தோடு.

ஷெட்டுக்குப் போனதும் அவள் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, அதன் இருமலையும் முக்கலையும் ஐந்து நிமிடம் தன் பழைய போனில் பதிவு செய்துகொண்டாள். நடுவில் பக்கத்து ஷெட் வெல்டர் பலமாக ஒரு தும்மல் போட்டார். மறுபடி பதிவு செய்யச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

பிறகு மேல் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஆயில் இல்லை. தார் போட்டது மாதிரி கறுப்புப் பசை விரற்கடை உயரத்துக்கு அப்பிக் கிடந்தது. விரலை வைத்து எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. எதையாவது ஊற்றிக் கரைத்துவிடலாம்தான். ஆனால் கரைந்த கட்டிகள் கீழே போய் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் அடைத்துக்கொண்டால் இன்ஜின் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடும். கையால்தான் வழித்தாக வேண்டும்.

அக்காளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் தூக்கியபோது ஆறு பிஸ்டன் தலையிலும் கரி அடுப்படிச் சுவர் மாதிரி ஏறியிருந்தது. வால்வுகள் சரியாக மூட முடியாமல் கரியைக் கடித்துக்கொண்டு நின்றன. துளைகளையெல்லாம் துணியால் அடைத்து, கரியை டீசலில் ஊறவைத்து, கீறல் விழாமல் மரக்குச்சியாலும் பித்தளை பிரஷாலும் சுரண்டினார்கள். இரண்டு நாள் சுரண்டியும் தீரவில்லை. அக்காள் மூக்கு நுனி வரை கரி.

"இத்தன வருஷம் பாத்திரம் தேய்ச்சது வீண் போகலடி" என்றாள்.

தினமும் ஒன்பது மணிக்கு மாமாவின் போன் வரும். தங்கை அந்தப் பழைய போனில் பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் காட்டுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டு, "ம், நல்லாருக்கு" என்று வைத்துவிடுவார். நாலாம் நாள் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"அங்க யாரோ தினமும் தும்முறாங்களே."

"பக்கத்து ஷெட் வெல்டர் மாமா. அவருக்குச் சளி."

"பாவம். ஆவி பிடிக்கச் சொல்லு."

ஐந்தாம் நாள் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரை இறக்கினார்கள். சல்லடையில் முக்கால்வாசி கண் அடைந்திருந்தது. இதோடு ஓடியதே பெரிய விஷயம் என்று தங்கை தலையில் கைவைத்தாள். சேம்பர் மூலையில் பசையை வழித்தபோது ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. இழுத்துத் துடைத்துப் பார்த்தால், ஒரு எவர்சில்வர் கரண்டி. காம்பில் பூவேலை.

அக்காள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் கரிக்கு மேல் இன்னும் கறுத்தது.

"இது என் கரண்டி. ஆறு வருஷமா தேடுறேன். நாத்தனார்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சு இன்னிவரைக்கும் அவங்ககிட்ட முகம் குடுத்துப் பேசல."

கரண்டி தானாக நடந்துபோய் இன்ஜினுக்குள் படுக்காது. யார் கையும் படாத இன்ஜினுக்குள் யார் கை போயிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. தங்கை சிரித்துச் சிரித்து வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டாள். அக்காளுக்குச் சிரிக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அந்தக் கரண்டி கிடைச்சிடுச்சு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"எங்க கிடைச்சுது?"

"லாரியில."

நாத்தனார் நிதானமாகக் கேட்டார்: "லாரியில என்னம்மா சமைச்ச?"

புது கேஸ்கட் போட்டு, வால்வு தேய்த்து, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதிது ஊற்றினாள் மெக்கானிக். சிவப்பு விளக்கின் டேப்பையும் பிய்த்தாள். விளக்கு ஒருமுறை மின்னி, அடங்கிவிட்டது.

பதினோராம் நாள் மாமா வண்டியில் ஏறினார். மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சட்டென்று பிடித்தது. புகையே இல்லை. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கியரைப் போட்டார். மேட்டில் லாரி சைக்கிள்களை முந்தியது. வீடு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்கு மூன்றாம் நாள் லாரி தானாகவே ஷெட்டுக்கு வந்து நின்றது. மாமா இறங்கினார்.

"அடியில ஆயில் சொட்டுது."

மெக்கானிக் வாயில் வந்த பொய்யை மென்று விழுங்கினாள். அதற்குள் அவரே சொன்னார்: "பின்பக்க சீல்தானே? இவ்வளவு நாளா அழுக்குதான் அதை அடைச்சு வெச்சிருந்தது. அழுக்கை எடுத்தா ஒழுகத்தானே செய்யும்."

"மாமா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாளே. எந்த வெல்டரும் நிமிஷக் கணக்கு வெச்சுத் தும்ம மாட்டான்."

"அப்ப ஏன் நிறுத்தச் சொல்லல?"

அவர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானே அடிய தொறந்து பாத்தேன். ரெண்டு கரண்டி வழிச்சேன். வழிக்க வழிக்க வந்துட்டே இருந்துது. பயந்து மூடிட்டேன், கரண்டியக் கூட எடுக்கல. உன்கிட்ட கொண்டுவரலாம்னு பல தடவை நெனச்சேன். ஆனா இருபத்திரண்டு வருஷம் பேசின வாய் இருக்கே, அதை எங்க கொண்டுபோய் வெக்கிறது? நீங்களா எடுத்துட்டுப் போனீங்க. நான் கண்ணை மூடிட்டுப் படுத்துட்டேன்."

சீல் மாற்றும் வரை அவர் வண்டிக்கடியில் குனிந்து அவளுக்கு விளக்குப் பிடித்தார். வேலை முடிந்து எழுந்தபோது, "இது வெளில தெரிய வேணாம்" என்றார். அவளும் சரியென்றாள்.

தெரியாமல்தான் இருந்தது. ஆனால் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. செங்கல் சூளையில் புகையில்லாமல் வந்து நின்ற லாரியைப் பார்த்து மற்ற டிரைவர்கள் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். "மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. பத்து நாள் ஓய்வு குடுத்தேன். இன்ஜினுக்கும் களைப்புன்னு ஒண்ணு உண்டுப்பா" என்றார் கார்மேகம்.

அந்த வாரமே இரண்டு பேர் தங்கள் லாரிகளை மரத்தடியில் ஓய்வுக்கு நிறுத்தினார்கள். பதினோராம் நாள் சாவியைத் திருப்பினால் இரண்டும் உறுமக்கூட இல்லை. பழைய பேட்டரிகள் படுத்துவிட்டிருந்தன. இரண்டு வண்டியையும் கயிறு கட்டி மெக்கானிக்கின் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். அவள் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு, கையோடு ஆயில் மூடியையும் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே அதே கறுப்புப் பசை.

"நல்லா ஓய்வு எடுத்திருக்கு அண்ணே" என்றாள். "இப்பதான் வைத்தியம் பாக்கச் சரியான பதம். ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க."