ஹாஸ்டைல் சாட்சி

மருதையனை அடித்துக் கொன்றதை அம்சம் ஒருத்திதான் பார்த்தாள்.

அது தை மாத அறுவடை நேரம். நெடுவாக்குடியில் கூலி நெல் அரைப்படி கூட்டிக் கேட்டு, ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறி நின்றார்கள். கூலிச் சட்டம் வந்துவிட்டதென்று ரேடியோவில் சொன்னார்கள். ஓட்டுக் கேட்டுக் கொடி கட்டிய காரில் வந்தவர்களும் சொன்னார்கள். மிராசுதாரின் களத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. எல்லோருக்காகவும் பேசப் போன மருதையன், வெயில் தாழ்ந்த பிறகு வாய்க்கால் கரையோடு தனியாகத் திரும்பி வந்தான். மிராசுதாரின் மருமகனும் இரண்டு ஆட்களும் அவனை மறித்தார்கள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன அம்சம் கருவைப் புதருக்குப் பின்னால் நின்றாள். கத்த நினைத்தாள். அவர்கள் போகும்வரை புதரை விட்டு வெளியே வரவில்லை.

பார்த்ததையெல்லாம் போலீசில் சொன்னாள். அந்த வாரமே மிராசுதாரின் வைக்கோல் போர் எரிந்தது. எரித்தது அம்சத்தின் புருஷன் வீரையன் என்று வழக்குப் போட்டு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவன் மன்னார்குடி சந்தைக்கு வாழைத்தார் சுமக்கப் போயிருந்தான். யார் கேட்டார்கள்? ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் திருச்சி ஜெயிலில் கிடந்தான்.

கொலை வழக்கு தஞ்சாவூர் கோர்ட்டுக்கு வந்தபோது அடுத்த அறுவடையே நெருங்கியிருந்தது. பாகிஸ்தான் சண்டை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அம்சம் வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு காலையில், மிராசுதாரின் காரியக்காரர் நாகேஸ்வரன் கரையில் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"நீ பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அம்சம். வைக்கப்போர் கேசுல எங்க ஆளு ஒருத்தனும் கூண்டேற மாட்டான். உன் புருஷன் வீடு வந்து சேருவான்."

அம்சம் நிமிராமல் துணியைப் பிழிந்தாள்.

"பாத்தேன்னு சொன்னியோ, அவன் கொள்ளி வச்சதைப் பாத்தேன்னு சொல்ல எங்ககிட்டயும் ஆளு இருக்கு. யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். வேறொன்றும் செய்யவில்லை. இடுப்பில் கைக்குழந்தை. வீரையனைப் போன மாதம் பார்த்தபோது கன்னத்து எலும்பு தெரிந்தது. இருமிக்கொண்டே இருந்தான். இன்னும் சில வருஷம் உள்ளே போட்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் மருதையன் பெண்டாட்டி பொன்னுத்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பொன்னுத்தாயை முதல் நாளே விசாரித்து முடித்திருந்தார்கள். "பயப்படாத புள்ள, கண்டதைச் சொல்லு, அவ்வளவுதான்" என்று சொல்லி, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அம்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூண்டில் ஏறியதும் அரசாங்க வக்கீல் கேட்டார்.

"மருதையனை யார் அடிச்சாங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"நீ எங்க இருந்த?"

"வீட்டுல இருந்தேங்க. நான் ஒண்ணும் பாக்கலைங்க."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீதிபதியிடம் இங்கிலீஷில் எதையோ சொன்னார். அதில் ஒரு சொல் மட்டும் அவள் காதில் தனியாக விழுந்தது. ஹாஸ்டைல். நீதிபதியும் அதையே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். கடைசி பெஞ்சில் இருந்த நாகேஸ்வரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மீதி விசாரணை சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அம்சம் ஒரு தூணோரம் குந்தினாள். பொன்னுத்தாய் குழந்தையோடு சற்றுத் தள்ளி நின்றாள். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அரசாங்க வக்கீலின் ஜூனியர் சந்தானகிருஷ்ணன் ஃபைலோடு அந்தப் பக்கம் வந்தான்.

"தம்பி, உள்ள ஐயா என்னமோ சொன்னாங்களே, ஆஸ்டலோ என்னமோ. அப்படின்னா என்னங்க?" என்று பொன்னுத்தாய் அவனை நிறுத்திக் கேட்டாள்.

அவன் தூணோரம் இருந்தவளைப் பார்த்துத் தயங்கினான். "சாட்சிகிட்ட நான் இப்பப் பேசக் கூடாது. உங்களுக்குச் சொல்றேன். ஹாஸ்டைல்னா பகையான, எதிரான அப்படின்னு அர்த்தம். பேப்பர்ல பாகிஸ்தானைப் பத்தி எழுதறப்போ போடுவாங்க, அதே வார்த்தைதான். கோர்ட்டுல, நாம கூப்பிட்ட சாட்சி நமக்கே விரோதமாப் பேசினா ஹாஸ்டைல்னு சொல்லிடுவோம். அப்புறம் அவங்களை நாமளே குறுக்கு விசாரணை பண்ணலாம்."

"எதிரிங்கிறீங்க."

"ஆமாம்மா." அவனுக்கு வார்த்தைகளின் மேல் ஒரு பிரியம் உண்டு. இடம் பொருள் பார்க்காமல் மேலும் சொல்லிவிட்டான். "லத்தீன்லேர்ந்து வந்தது. ஆரம்பத்துல அங்க அந்த வார்த்தைக்கு எதிரின்னே அர்த்தம் கிடையாது. அசலூர்க்காரன், வாசலுக்கு வர்ற அந்நியன்னுதான் அர்த்தம். விருந்தாளின்னு சொல்ற இங்கிலீஷ் வார்த்தையும் இதுவும் ஒரே வேர்ங்கறாங்க. பின்னாடிதான் எதிரின்னு ஆயிடுச்சு."

"விருந்தாளி எப்படிங்க எதிரியானான்?"

"தெரியலம்மா" என்றான். இதை இவளிடம் ஏன் சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தவன் போல வேகமாக உள்ளே போய்விட்டான்.

எல்லாம் அம்சத்தின் காதில் விழுந்தது. பொன்னுத்தாய் வந்து அவளெதிரே உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லி மெரட்டுனாங்க?"

"அவரை விட்டுடுறேன்னாங்கக்கா." அம்சம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பொன்னுத்தாய் குழந்தையை மடியில் சரித்துப் போட்டுக்கொண்டாள். "என் புருஷன் உசிரோட ஜெயில்ல இருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பனோ என்னமோ" என்றாள். பிறகு, "ஆனா நீ பாத்தியே புள்ள. நீ ஒருத்திதான் பாத்த. அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு எனக்கு ஒன் வாயால கேட்டாத்தான் உண்டு" என்றாள்.

டவாலிக்காரர் மூன்று முறை அம்சத்தின் பெயரைக் கூவினார்.

அரசாங்க வக்கீல் நம்பிக்கையில்லாமல்தான் எழுந்தார். "போலீசுல சொன்னதெல்லாம் நிஜமா, பொய்யா?"

"நிஜங்க. நான் பாத்தேங்க."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் மிராசுதாரின் மருமகனைக் கைகாட்டினாள். எந்தக் கையில் தடி இருந்தது, மருதையன் எப்படி வாய்க்காலில் சரிந்தான், "புள்ளைங்க இருக்குய்யா" என்று எப்படிக் கும்பிட்டான், எல்லாம் சொன்னாள். வாய்க்கால் கரையில் நாகேஸ்வரன் வந்து சொன்னதையும் சொன்னாள். பொன்னுத்தாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக வந்தார்.

"காலைல பாக்கலைன்னு சொன்னதும் சத்தியம் பண்ணித்தானே?"

"ஆமாங்க."

"இப்பவும் சத்தியந்தான்."

"ஆமாங்க."

"நடுவுல செத்தவன் பொண்டாட்டியோட உக்காந்து பேசின. இல்லைன்னு சொல்வியா?"

"பேசினேங்க. அவங்க எனக்குச் சொல்லிக் குடுக்கலைங்க."

"போதும்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் தன்னை நம்பவேண்டும் என்று கெஞ்ச அம்சத்துக்குத் தெரிந்த சொல் எதுவும் அந்த அறையில் செல்லாது. அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இறங்கச் சொன்ன பிறகும் நின்றாள்.

மாசி மாதம் தீர்ப்பு வந்தது. சாட்சி ஹாஸ்டைல், ஒரே நாளில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியவள், அவள் பேச்சை நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று மூன்று பேரையும் விடுதலை செய்துவிட்டார்கள். மருமகனுக்கு மாலை போட்டுக் காரில் அழைத்துப் போனார்கள். நாகேஸ்வரனும் சொன்னபடியே செய்தார். வைக்கோல் போர் வழக்கில் இரண்டு பேர் கூண்டேறி, வீரையன் கொள்ளி வைத்ததைப் பார்த்தோம் என்றார்கள். அவனுக்குத் தண்டனை போட்டார்கள்.

ஊரில் அம்சம், பொன்னுத்தாய் இருவருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. தெருவில் சிலர் அம்சத்திடம் பேச்சை நிறுத்தினார்கள். காலையில் அவள் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் கேஸ் ஜெயித்திருக்கும் என்றார்கள். அது பொய்யில்லை என்பதால் அவளும் மறுத்துப் பேசவில்லை. நடவுக்கு அசலூர் போகும்போது பொன்னுத்தாய் மட்டும் அவளோடு நடந்தாள். மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சில நாள் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே திடீரென்று, "கும்பிட்டாருன்னு சொன்னியே, ரெண்டு கையாலயுமா?" என்று கேட்பாள். அம்சம் பதில் சொல்லுவாள்.

சித்திரையில் குழந்தையைப் பொன்னுத்தாயிடம் விட்டுவிட்டு அம்சம் திருச்சிக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப்புறம் வீரையன் இன்னும் இளைத்திருந்தான். நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றான்.

"எதைக் கேக்கறீங்க? காலைல சொன்னதையா, அப்பறம் சொன்னதையா?"

வீரையன் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். இருமல் வந்தது. அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"எனக்கே தெரியல அம்சம்" என்றான்.