ரீசெட் செய்ய வேண்டாம்

காஞ்சனாவின் தம்பி குணசேகரனுக்கு யாரையும் நலம் விசாரிக்கத் தெரியாது. கதவைத் திறந்தால் வந்தவர் முகத்தைப் பார்க்கமாட்டான், கையைப் பார்ப்பான். கையில் ஒரு பழைய லேப்டாப் இருந்துவிட்டால் போதும், ராஜ உபசாரம்தான். இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என ஒரு டாக்டர் சொன்னபோது அவனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. "ஹவ், ஆமா, சரியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு, பாதியில் விட்டிருந்த கம்ப்யூட்டரைக் கழற்றப் போய்விட்டான்.

காலையில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு டெஸ்டிங் வேலை. மிச்சப் பொழுதெல்லாம் மெட்டுகுடா வீட்டின் முன்னறை அவன் ராஜ்ஜியம். பேகம்பேட் ஆபீசிலிருந்து களைத்து வரும் காஞ்சனா, மதர்போர்டுகளையும் வயர்களையும் தாண்டித்தான் ஒரு வாய் காபி போட்டுக் குடிக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கான ஒரு தமிழ்க் குழுவில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அவன் விழுந்து விழுந்து பதில் எழுதுவதுதான் அவளுக்குத் தாங்காது. ஊராருக்கு உழைக்கிறவன் வீட்டில் கெட்டுக் கிடக்கும் மிக்ஸியை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை குழுவில், இதே ஊர் சனத்நகரிலிருந்து வித்யாலட்சுமி என்ற பெண் எழுதியிருந்தாள். எட்டு வயது மகள் தாரிணிக்குப் பேச்சு வராது. டேப்லெட் ஒன்றில் படம் படமாகப் பட்டன்கள்; விரல் வைத்தால் 'சோறு', 'தூக்கம்', 'வேண்டாம்' என்று அம்மாவின் குரலில் சொல்லும். வருஷக்கணக்கில் அம்மாவே பேசிப் பேசிப் பதிந்தவை. வேறெங்கும் நகல் இல்லை. இப்போது டேப், லோகோவைக் காட்டுகிறது, அணைகிறது, மறுபடி லோகோ. ரீசெட் செய்து பார்க்கலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்கிறார்கள் கடையில். அன்றிலிருந்து பிள்ளை ஓயாமல் அழுகிறாள். செய்துவிடட்டுமா?

ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குணா எழுதியது இவ்வளவுதான்: 'ரீசெட் செய்ய வேண்டாம். பாப்பா என்ன சாப்பிட்டுக்கொண்டே டேப்பைத் தொடுவாள்?'

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த காஞ்சனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏண்டா, அந்தம்மா அழாத குறையா எழுதிருக்கு. ஆறுதலா ஒரு வார்த்தை இல்லே, தீனியைப் பத்தி விசாரிக்கிறே."

"ஆறுதல் சொன்னா டேப் ஆன் ஆகுமாக்கா?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

பதில் வந்தது. சர்க்கரை போட்ட பாலில் தோய்த்த உஸ்மானியா பிஸ்கட். குணாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சனத்நகர்லதானே இருக்காங்க. நாளைக்கு வரச் சொல்லுடா."

"வீட்டுக்கு நக்கோக்கா, வேண்டாம். சத்தம் போடுவாங்க." டேப்பைத் தொடாமல் எப்படிச் சரி செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "சரி, வரட்டும்" என்றான்.

ஞாயிறு காலை வித்யாலட்சுமி வந்தாள். தாரிணியின் அழுகை அவளுக்கு முன்பே மாடிப்படி ஏறி வந்தது. குணா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வா என்றுகூடச் சொல்லாமல் டேப்பை வாங்கினான்.

"சர்க்கரைப் பால் காஞ்சு பவர் பட்டன் உள்ளே ஒட்டிக்கிச்சு. யாரோ அழுத்திட்டே இருக்காங்கன்னு டேப் நெனச்சுக்குது. அதான் அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்துப் பட்டனின் ஓரத்தில் ஒரு தடவை துடைத்தான். அழுத்தினான். காத்திருந்தான். மறுபடி ஒரே ஒரு தடவை. சாப்பிட்ட தட்டை எடுத்துப்போனால் வழியில் இரண்டு இடத்தில் இடித்துக்கொள்கிறவனுக்கு, இங்கே விரலில் ஒரு நடுக்கம் இல்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் காஞ்சனா இதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

'டிக்' என்று பட்டன் எழும்பியது. லோகோ வந்தது, அணையவில்லை. பிறகு படங்கள், வரிசை வரிசையாக. ஒரு பிள்ளையின் பேச்சு முழுதும் அந்தக் கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது. காஞ்சனா தன்னையே கேட்டுக்கொண்டாள். இதையா நான் வெட்டி வேலை என்று வைதேன்?

வித்யாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்கு நன்றி சொல்லு கண்ணு."

தாரிணி டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். 'நன்றி' பட்டனை அவள் தேடவில்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

'பல்' என்றது அம்மாவின் குரல். அடுத்த படம். 'வலி.'

'பல். வலி. பல். வலி.'

வித்யாலட்சுமி காஞ்சனா பக்கம் திரும்பினாள். "டேப்புக்குத்தான் அழுகறான்னு நெனச்சனுங்க" என்றாள். "சாக்லேட்டக் குடுத்துக் குடுத்துச் சமாதானம் பண்ணுனனுங்களே."

குணா ஹெட்போனைக் கழற்றினான். "எந்தப் பல்லு?"

தாரிணி வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் ஈறு சிவந்து வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர் இருப்பார் என்று காஞ்சனா போனைத் தட்ட ஆரம்பித்தாள். டேப் விடாமல் அம்மாவின் குரலில் வலி, வலி என்றது.

வித்யாலட்சுமி தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சு கண்ணு. அம்மாவுக்குக் கேட்டுருச்சு."

அதன் பிறகுதான் அந்த விரல் நின்றது.